நாட்டம் விட்டுப்போன மனசு

தீவிர மனச்சோர்வு நோய்க்கு வாசல் இரண்டு. ஒன்று துக்கம். மற்றொன்று நாட்டமின்மை, அதாவது முன்பு பிடித்திருந்த எதுவும் இப்போது பிடிக்காமல் போவது. இரண்டில் ஒன்றாவது இரண்டு வாரம் விடாமல் இருக்க வேண்டும். அதோடு தூக்கக் கேடு, பசி மாற்றம், களைப்பு, கவனக் குறைவு, தன்னைத்தானே நொந்துகொள்வது, உடல் மந்தம் அல்லது நிலைகொள்ளாமை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவையும் சேர்ந்து மொத்தம் ஐந்து அறிகுறிகள் தேறினால்தான் மருத்துவர் சீட்டில் அந்தப் பெயரை எழுதுவார். அழுகை கட்டாயமில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவருக்கும் இந்த நோய் முற்றிய நிலையில் இருக்கலாம். ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமங்களில் கண்ணில் படாமல் தப்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வாசல் வழியாக வருபவர்கள்தான்.

நாட்டமின்மைக்கு ‘ஆன்ஹெடோனியா’ என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ, ஆண்டு 1896. வலி தெரியாமைக்கு மருத்துவத்தில் ஒரு சொல் இருந்தது, இன்பம் தெரியாமைக்கு இல்லை என்று அதை உண்டாக்கினார். தமிழில் ‘இன்பமின்மை’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லோடு எந்த நோயாளியும் வருவதில்லை. ‘எதுலயும் நாட்டமில்லீங்க’, ‘மனசே ஓடலீங்க’, ‘வெறிச்சுனு இருக்கு’, ‘சோறு மண்ணு மாதிரி இருக்கு’ என்பவை வெளிநோயாளர் அறையில் கேட்கும் சொற்கள். அவையும் முதலில் வருவதில்லை. முதலில் வருவது தலைப்பாரம், உடம்பு வலி, கைகால் ஓய்ச்சல், தூக்கமின்மை. மனநல மருத்துவர் இருக்கும் அறைக்கு வருவதற்கு முன் மருந்துக்கடையில் சத்து மாத்திரை, தனியார் கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ், கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு ஸ்கேன், இடையில் எங்காவது மந்திரித்து ஒரு தாயத்து என்று ஒரு சுற்று முடிந்திருக்கும். இந்தச் சுற்றை இளக்காரமாகப் பார்ப்பது இத்தொழிலில் புதிதாக நுழைபவர்கள் செய்யும் பிழை. இத்தனை இடத்துக்கு அலைந்த குடும்பம் ஒரு மனிதரைக் கைவிடாத குடும்பம். பின்னால் சிகிச்சைக்குப் பெரிய துணை அவர்கள்தான்.

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், உடையார்பாளையம் வட்டாரம் செம்மண்ணும் முந்திரிக் காடும் கொண்டது. பல வீடுகளில் பெண்களுக்கு முந்திரி உடைப்பது உபதொழில். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால் கையில் சாம்பல் பூசிக்கொண்டு கட்டையால் ஒரே தட்டு. பருப்பு முழுசாக வெளியே வர வேண்டும், உடைந்தால் விலை இறங்கிவிடும். இந்த வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவர் ஒரே ஆள் அல்ல, பல பேர் சேர்ந்த உருவம். விரல் நுனி எல்லாம் கறுத்திருக்கும். ‘உடம்பு அசதி’ என்று மகள் அழைத்து வருகிறாள். ரத்தசோகை இல்லை, தைராய்டு சரி, சர்க்கரை சரி. வேலை குறைந்திருக்கிறதா என்றால் இல்லை; தினமும் அதே அளவு உடைக்கிறார். மகள் சொல்லும் ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது: “உடைக்கும்போது ஒண்ணு ரெண்டு வாயில போட்டுக்கும் சார். இப்ப போட்டுக்குறதே இல்ல.” அவரைக் கேட்டால் பதில் இன்னும் துல்லியம்: “குடுத்தா திம்பேன். எடுத்துத் திங்கணும்னு தோணலீங்க.”

மூளை ஆய்வாளர்கள் எலிகளை வைத்துப் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டதை அந்த அம்மா இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், ஆசைப்படுவதும் ருசிப்பதும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள் என்று காட்டினார். டோபமைன் வற்றிய எலி தானாகத் தேடிப் போய்த் தின்னாது. இனிப்பை நாக்கில் வைத்தால் அதன் முகம் இனிப்புக்கு உரிய அசைவைக் காட்டும். மனச்சோர்வில் பலருக்கு முதலில் சேதமாவது ஆசை, ருசி பிறகு. வேலை தொடர்ந்து நடப்பதால் வீட்டார் எதையும் கவனிப்பதில்லை. வேலைக்கு ஆசை வேண்டாம், பழக்கம் போதும்.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் புழங்கும் கருவி பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல். அதன் முதல் கேள்வியே நாட்டம் பற்றியது, துக்கம் இரண்டாவதுதான். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் தாளைப் பார்த்து ‘செயல்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்துள்ளதா?’ என்று வாசித்தால் செந்துறைக்காரரோ மீன்சுருட்டிக்காரரோ தலையாட்டுவார், அவ்வளவே. ‘சந்தோஷமா இருக்கீங்களா?’ என்று கேட்டால் ‘என்னத்த சந்தோஷம் போங்க’ என்று வரும்; அது நோயின் குரலா, வாழ்க்கையைப் பற்றிய பொது அபிப்பிராயமா என்று பிரிக்க முடியாது. கேள்வி பொருளைத் தொட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் முதல் கரண்டி யாருக்கு? பேரப்பிள்ளை மடியில் ஏறினால் இறக்கிவிடத் தோன்றுகிறதா? தறியில் உட்காரும்போது பாட்டு வைப்பீர்களே, இப்போது வைக்கிறீர்களா? கங்கைகொண்ட சோழபுரத்தில் ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு வருஷா வருஷம் போவீர்களே, இந்த வருஷம் போனீர்களா? ‘போனேன், கூட்டமா இருந்துச்சு’ என்பது ஒரு பதில். ‘வண்டி வாசல்ல வந்து நின்னுச்சு, போகல’ என்பது வேறு பதில்.

காரணம் தெரிந்த சோகத்தை நோய் என்று சொல்லலாமா என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழும். 1990களில் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்காக ஜெயங்கொண்டத்தைச் சுற்றிய ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. திட்டம் வரவில்லை, இழப்பீட்டு வழக்குகள் மட்டும் பல்லாண்டு நடந்தன. வழக்குக்கு அலைந்தே முதுமை அடைந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்கு மனம் விட்டுப்போனால் ‘அவருக்கு இருக்கிற கஷ்டத்துக்கு யாரா இருந்தாலும் இப்படித்தான் இருப்பாங்க’ என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது நியாயம், ஆனால் பாதிதான். கஷ்டப்படுகிறவர் பேத்தி பள்ளியில் பரிசு வாங்கி வந்தால் ஒரு கணமாவது முகம் மலர்வார். நோய் வந்தவருக்கு அந்த ஒரு கணமும் வராது. காரணம் இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. எலும்பு எப்படி முறிந்தது என்று தெரிந்தாலும் கட்டுப் போடத்தான் வேண்டும்.

நாட்டமின்மையிலிருந்து சாவு எண்ணத்துக்கு உள்ள தூரம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் ஃபாசெட்டும் சகாக்களும் மனநிலை நோய் கொண்ட 954 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1990இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லாரும் எதிர்பார்க்கும் அறிகுறிகளான நம்பிக்கையின்மையும் முந்தைய முயற்சியும் ஓராண்டுக்குப் பிந்தைய தற்கொலைகளைத்தான் முன்கூட்டிக் காட்டின. முதல் ஓராண்டுக்குள் நேர்ந்தவற்றோடு சேர்ந்திருந்தவை வேறு: கடுமையான பதற்றம், அடியோடு தூக்கமின்மை, கவனச் சிதறல், குடி, அவற்றோடு நாட்டம் முற்றிலும் அற்றுப்போனது. மனச்சோர்வின் பிற அறிகுறிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நாட்டமின்மைக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு மிஞ்சுகிறது என்று பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும் கண்டார்கள். இதற்குச் சிக்கலான விளக்கங்கள் உண்டு. அறையில் உட்கார்ந்து கேட்பவருக்குத் தெரிவது எளிமையானது. அழுகிறவருக்கு இன்னும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அது கிடைக்காததால் அழுகிறார். நாட்டம் அற்றவருக்கு எதுவும் வேண்டாம். இங்கே இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் அவர் மனக்கணக்கில் வித்தியாசம் தேய்ந்துபோயிருக்கிறது. அவர் சத்தம் போடுவதில்லை என்பதால் வரிசையில் கடைசியில் உட்கார வைக்கப்படுவார்.

சாவு எண்ணம் படிப்படியாக ஏறுவது. ஒவ்வொரு படிக்கும் இவ்வட்டாரத்தில் பேச்சுமொழி உண்டு. ‘எமனுக்குக்கூட நம்ம விலாசம் தெரியல போல’ என்பது வயதானவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது. பெரும்பாலும் பேச்சு வழக்குதான், ஆனால் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ‘படுத்தா எந்திரிக்காமயே போயிட்டா தேவலாம்’ என்பது அடுத்த படி: சாவை விரும்புகிறார், தானாக எதுவும் செய்ய நினைக்கவில்லை. ‘நான் இருக்கிறதே இவங்களுக்குப் பாரம்’ என்பது இன்னொரு படி. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் முன்வைத்த கோட்பாட்டில் மைய இடம் பெறும் எண்ணம் இதுதான். அதற்கு மேல், எப்படி என்ற யோசனை. அதற்கும் மேல், எப்போது என்பது. கடைசிப் படியில் இருப்பவர் பேசாமல் காரியத்தில் காட்டுவார்: குழுக் கடனின் மீதித் தவணையை மொத்தமாகக் கட்டுவது, தோட்டைக் கழற்றி மகளிடம் கொடுப்பது, பல மாதம் போகாத தங்கை வீட்டுக்குப் போய்வருவது. நீண்ட கலக்கத்துக்குப் பிறகு திடீரென்று வந்த அமைதியைப் பார்த்து வீட்டார் ‘தேறிட்டாங்க’ என்று நிம்மதி அடைவதும் உண்டு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் தமிழ்நாட்டில் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இவர்கள் எல்லாருக்கும் மனச்சோர்வு இருந்தது என்று சொல்ல முடியாது. குடி, கடன், குடும்பச் சண்டை, ஒரு நிமிட ஆத்திரம் எல்லாம் இதில் அடக்கம். ஆனால் மனச்சோர்வு இருந்தவர்களைத் தடுத்திருக்க வழி இருந்தது; அந்த வழி ஒரு கேள்வியில் தொடங்குகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் எல்லாருக்கும் பயம். கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று கிராம செவிலியர் முதல் சொந்தப் பிள்ளை வரை தயங்குகிறார்கள். ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பச் சோதித்திருக்கின்றன. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்கப்பட்டவர் முகத்தில் தெரிவது பெரும்பாலும் அதிர்ச்சி அல்ல, மூச்சு விட்ட மாதிரி ஒரு தளர்வு. வரிசை முக்கியம். நாட்டம் பற்றிய கேள்வியில் தொடங்கினால் அடுத்தது தானாக வரும்: “எதுலயும் மனசு ஒட்டலன்னு சொல்றீங்கம்மா. இப்படி இருக்கும்போது, இருந்து என்ன செய்யப்போறோம்னு தோணுதா?” தலை அசைந்தால்: “செத்துப்போயிடலாம்னு நெனச்சீங்களா?” சொல்லைச் சுற்றி வளைக்கக் கூடாது. ‘தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?’ என்று கேட்பது, ‘இல்லை’ என்று சொல்லுங்கள் என்று கெஞ்சுவதற்குச் சமம். வீட்டார் எதிரில் இதைக் கேட்கவும் கூடாது. மருமகள் பக்கத்தில் நிற்கும்போது எந்த மாமியாரும் உண்மை சொல்லமாட்டார்.

இவ்வட்டாரத்தில் ஒரு சொல் சிக்கல் உண்டு. விவசாய வீட்டில் ‘மருந்து’ என்றால் பூச்சிமருந்து. ‘மருந்து அடிக்கணும்’ என்றால் வயலுக்கு. உடம்புக்குச் சாப்பிடுவது ‘மாத்திரை’. வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஆலோசகர், கையெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இருக்கிறதா என்று அறிய, ‘வீட்ல மருந்து இருக்கா அண்ணே?’ என்று கேட்டார். எதிரில் இருந்தவர் மஞ்சப்பையிலிருந்து ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மருத்துவமனை மேசை எதிரில் மருந்து என்றால் மாத்திரை, வாசலைத் தாண்டினால் வேறு. அதே ஆலோசகர் இன்னொருவரிடம் ‘மருந்தை விட்றாதீங்க’ என்று சொல்லி அனுப்ப, அருகில் நின்ற அவர் மனைவி முகம் வெளுத்துப்போனதும் நடந்தது. அதன் பிறகு ஆலோசகர் இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வைத்துக்கொண்டார்: ‘கொல்லைக்கு அடிக்கிற மருந்து’, ‘சாப்புடுற மாத்திரை’.

கேள்விக்குப் பின் செய்ய வேண்டியதில் முதன்மையானது தூரம். தற்கொலை நெருக்கடி பலருக்குச் சில மணி நேரமோ, சில நிமிடமோ உச்சத்தில் இருந்து இறங்குவது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைக்கிறார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய காட்டுமன்னார்கோயில் பகுதியில் இதற்கு ஒரு சோதனை நடந்தது. சென்னையின் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைக்க ஏற்பாடு செய்தது. 2013இல் முடிவுகள் வெளியாயின. கிடங்கு இருந்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்தன. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டதுதான் பலருக்கு ஆச்சரியம். இலங்கை இன்னும் மேலே போனது: 1995 முதல் மிகுந்த நச்சுள்ள பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது, அந்நாட்டின் தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கியது. கிடங்கு இல்லாத ஊரில் குடும்பத்திடம் சொல்ல வேண்டியது: தை, மாசியில் முந்திரி பூக்கும்போது அடிப்பதற்கு வாங்குவதைத் தேவைக்கு மட்டும் வாங்கி, மீதியை வீட்டில் வைக்காமல் பங்காளி வீட்டிலோ கொல்லைக் கொட்டகையிலோ பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையும் ஒரு வாரத்துக்கு மேல் நோயாளி கையில் இருக்கக் கூடாது.

தற்கொலை முயற்சியைப் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மறைத்த காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய தண்டனைச் சட்டத்தில் முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. ஆனால் பயம் சட்டத்தைவிட மெதுவாகத்தான் போகும்.

சிகிச்சையில் ஃப்ளுவாக்ஸெடின், எஸிடலோபிராம் போன்ற மாத்திரைகள் முதல் வரிசை. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில வாரங்கள் கூடுதல் கவனம் தேவை, இளவயதினருக்கு இன்னும் அதிகமாக: உடம்பில் சுறுசுறுப்பு திரும்பியிருக்கும், மனசு இன்னும் திரும்பியிருக்காது. சாப்பிடுவதையே நிறுத்தியவருக்கும், உயிர் ஆபத்து உடனடியாக இருப்பவருக்கும் மருத்துவமனையில் சேர்த்து மின்னதிர்வு சிகிச்சை தருவது இன்றும் விரைவான, நம்பகமான வழி. சினிமா அதற்குச் செய்த துரோகம் பெரிது.

மாத்திரை துக்கத்தைக் குறைப்பதில் கெட்டி, நாட்டத்தைத் திருப்பித் தருவதில் அவ்வளவு இல்லை. ‘அழுகை நின்னுடுச்சுங்க, சிரிப்பு வரல’ என்பது இரண்டாம் மாதத்தில் கேட்கும் வாக்கியம். இங்கேதான் பேச்சு சிகிச்சையில் ‘செயல் தூண்டல்’ என்ற முறை பயன்படும். ‘மனசு வந்தா செய்றேன்’ என்பதைத் திருப்பிப் போட்டு, செய்தால் மனசு வரும் என்று தொடங்குவது. கோவாவில் விக்ரம் பட்டேலின் குழு, மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைச் செய்து காட்டியது. 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஜெயங்கொண்டத்தில் செயல் என்றால் உடற்பயிற்சி வகுப்பு இல்லை. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது, மருமகள் போடக் கூடாது. சாயங்காலம் நால்ரோட்டு டீக்கடைவரை நடந்துபோய் ஒரு டீ, பேசாவிட்டாலும் பரவாயில்லை. இவற்றை நோட்டில் எழுதி, எவ்வளவு ருசித்தது என்று பத்துக்கு மார்க் போடச் சொல்வார்கள். முதல் இரண்டு வாரம் பூஜ்யமாகத்தான் நிற்கும். பூஜ்யம் போட்டுவிட்டும் மறுநாள் செய்ய வேண்டும். எழுதத் தெரியாதவர் முந்திரியை எண்ணி வைக்கலாம். ஒருவர் அப்படித்தான் செய்தார்.

நோயாளியோடு சேர்ந்து ஒரு தாளில் நான்கைந்து வரி எழுதிக்கொள்வதும் வழக்கம்: எண்ணம் முற்றப்போவதன் முதல் அடையாளம் என்ன, அப்போது யார் பக்கத்தில் போய் உட்காருவது, யாருக்குப் போன் போடுவது. கடைசி வரியில் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண், தமிழில் எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைப்பவர்கள் அதிகம். எடுக்கத் தோதான இடம்தான்.

உலக சுகாதார நிறுவனம் சென்னை உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை முயற்சிக்குப் பின் மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஒரு பாதிக்கு ஒரு மணி நேரப் பேச்சும், அடுத்த 18 மாதத்தில் ஒன்பது தடவை விசாரிப்பும் தரப்பட்டன. அவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க’ என்று ஒன்பது தடவை கேட்டதற்கு அந்த வித்தியாசம். மாவட்ட மனநலத் திட்டக் குழு குறித்த நாளில்தான் தாலுகா மருத்துவமனைகளுக்கு வரும். வராத நாட்களில் இந்த விசாரிப்பு கிராம செவிலியர், சொந்தக்காரர் கையில்தான்.

நாட்டம் திரும்புவதை முதலில் சொல்பவர் நோயாளி அல்ல, வீட்டார். அதுவும் நல்ல சேதியாக வராது, புகாராக வரும்: “இப்பெல்லாம் குழம்புல உப்பு கம்மின்னு என்கூட சண்டைக்கு வர்றாங்க சார்.” மதிப்பெண் தாளில் அது எங்கும் ஏறாது, ஆலோசகர் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்புக்குப் பிறகும் மாத்திரை ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும், இது இரண்டாவது தடவை வந்த நோய் என்றால் இன்னும் நீளமாக. நிறுத்தும்போது ஒரேயடியாக அல்ல, வாரக்கணக்கில் அளவைக் குறைத்து.